கசப்பன்களும் கிராம்பிட்ஸின் டிரம்மும்

என் மீன்களைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என் கோபத்தைப் பற்றிச் சொல்லிவிடுவது நல்லது. இருபத்தேழு வருடம் டிராம் ஓட்டியவள் நான். தண்டவாளத்தின் நடுவில் நின்று செல்போன் பார்க்கிறவர்களையும், கதவு மூடும் நேரத்தில் குடையை நீட்டுகிறவர்களையும் பார்த்துப் பார்த்து மூக்குக்கு மேல் வந்த கோபம், அங்கேயே குடியேறிவிட்டது. நான் ஓய்வு பெற்ற பிறகும் அது காலி செய்யவில்லை. ஆகவே நான் கத்தியதாக இந்தக் கதையில் எங்கெல்லாம் வருகிறதோ, அங்கெல்லாம் நான் சொல்வதைவிட இரண்டு பங்கு கத்தியிருப்பேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீனுக்கு எங்கள் பக்கத்தில் கசப்பன் என்று பெயர். தின்றால் கசக்குமாம். யார் தின்று பார்த்தார்களோ தெரியாது. விரல் நீளம்தான் இருக்கும், ஆற்றோரக் குட்டைகளில் வாழும். ஐரோப்பிய மீனுக்குப் பளபளப்பு கிடையாது என்று வெப்பநாட்டு மீன் வளர்க்கிறவர்கள் எங்களைக் கேலி செய்வார்கள். ஏப்ரல் கடைசியில் ஓர் ஆண் கசப்பனை வந்து பார்க்கச் சொல்ல வேண்டும். வயிறு சிவந்து, வால் பக்கம் நீலப்பச்சைக் கோடு ஓடி, கண் மேல் சிவப்பு மை தீட்டி, கல்யாண மாப்பிள்ளை தோற்றான்.

முட்டையிடுவதில்தான் வேடிக்கை. பெண் மீனுக்கு அந்தச் சமயத்தில் வயிற்றின் அடியில் நீளமாக ஒரு குழாய் வளரும். சேற்றில் புதைந்து கிடக்கும் நன்னீர்ச் சிப்பியைத் தேடிப் போய், அது மூச்சு விடத் திறந்திருக்கும் இடுக்கில் குழாயை நுழைத்து, உள்ளே முட்டையை வைத்துவிட்டுப் போய்விடும். மூன்று நான்கு வாரம் குஞ்சுகள் சிப்பிக்குள்ளேயே வளர்ந்து ஒருநாள் வெளியே நீந்தி வரும். வாடகை வாங்காத வீட்டுக்காரி அந்தச் சிப்பி. சிப்பி செத்தால் குஞ்சும் இல்லை.

எங்கள் மீன் வளர்ப்போர் சங்கத்தில் கசப்பன்களுக்கென்று தனி விதி உண்டு. மீன்கள் சங்கத்துக்குச் சொந்தம். பதினான்கு மீன்களை ஓர் உறுப்பினரிடம் மூன்று வசந்தத்துக்குக் கொடுப்பார்கள். மூன்றாம் வருடக் கோடை விழா நாளன்று, வளர்ப்பவரின் இடத்தில், வளர்ப்பவரின் தண்ணீரில், குஞ்சுகள் உயிரோடு தென்பட வேண்டும். தென்பட்டால் மீன்கள் அவருக்கே. இல்லையென்றால் பட்டியலில் அடுத்த ஆளுக்கு. எனக்கு அது மூன்றாம் வசந்தம். பட்டியலில் எனக்கு அடுத்த ஆள் லூட்ஸ்.

லூட்ஸ் என் முன்னாள் கணவன். விவாகரத்தான பிறகு நானும் சங்கத்தை விடவில்லை, அவனும் விடவில்லை. மாதா மாதம் முதல் வியாழன் ஒரே மேசையின் இரண்டு கோடியில் உட்கார்ந்து, பீர் குடித்துக்கொண்டு, ஒருவர் மீனை ஒருவர் குறை சொல்வோம். அவன் வளர்ப்பது தடித்த டென்ச் மீன்கள். சேற்றில் படுத்துக்கொண்டு அசையவே அசையாது. ஆளுக்கேற்ற மீன் என்று நான் சொல்வேன். ஏப்ரல் கூட்டத்தில் அவன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, கசப்பன்களுக்குத் தொட்டி தயார் பண்ணிவிட்டதாகவும், ஜூனில் கூடை எடுத்துக்கொண்டு வருவதாகவும் சொன்னான். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பதினான்கு விரல் நீள மீன்களுக்காகவா என்று கேட்பீர்கள். ஆமாம், அவற்றுக்காகத்தான். காலையில் எழுந்ததும் நான் பேசுவது அவற்றோடுதான்.

மே மாதம் மூன்றாம் தேதி என் கண்ணாலேயே பார்த்தேன். மூன்று பெண் மீன்கள் அடுத்தடுத்துச் சிப்பிகளில் முட்டை வைத்தன. மொத்தம் ஏழு சிப்பிகள் என் குளத்துச் சேற்றில் இருந்தன. நான் தோட்டத்திலேயே தனியாக நின்று கைதட்டினேன்.

ஐந்தாம் தேதி நான் வெந்நீர் ஊற்று ஊருக்குப் போயாக வேண்டும். என் முட்டிக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்து, ஒன்றரை வருடம் காத்திருந்து கிடைத்த மூன்று வார சிகிச்சை. தள்ளிப்போட்டால் மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். என் முட்டியையும் திட்டினேன், மருத்துவரையும் திட்டினேன். பிறகு குளத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பக்கத்துத் தோட்டத்து கிராம்பிட்ஸிடம் கொடுத்தேன்.

ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு துண்டு நிலம் எடுத்துத் தோட்டம் போட்டிருக்கும் எங்கள் காலனியில் அவரைவிட நம்பிக்கையான ஆள் கிடையாது. எழுபத்தொரு வயது, மனைவியை இழந்தவர். முப்பத்து நான்கு வருடம் நகராட்சி நீச்சல் குளத்தில் காவலராக இருந்தவர். ஒரு குழந்தைகூட அவர் கண்காணிப்பில் மூழ்கியதில்லை. பதினொரு வருடமாகப் பக்கத்தில் இருக்கிறோம், இன்னும் அவருக்கு நான் உல்ரிக்கே இல்லை, மரியாதையாக ஃப்ராவ் நவுமான்தான். அவர் எனக்கு ஹெர் கிராம்பிட்ஸ். தினமும் ஒரு சிட்டிகை தீனி, வேறு ஒன்றும் செய்ய வேண்டாம், குளத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவர் ஒரு தாளில் அதை எழுதி, தேதியும் போட்டுக்கொண்டார்.

அவர் நீச்சல் குளத்துக்காரர் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். அவரைப் பொறுத்தவரை தண்ணீர் என்றால் அடியில் உள்ள ஓடு தெரிய வேண்டும்.

மூன்று வாரம் கழித்து, பெட்டியை வீட்டில் போட்டுவிட்டு நேரே தோட்டத்துக்குப் போனேன். குளத்தைப் பார்த்ததும் என் தோட்டம் இது இல்லை, வேறு வழியில் வந்துவிட்டேன் என்று நினைத்தேன். தண்ணீர் கண்ணாடி. பக்கங்களில் பாசி இல்லை. அடியில் சேறு இல்லை. நன்றாகக் கழுவிய கூழாங்கல் வரிசையாகப் பரப்பியிருந்தது. பதினான்கு கசப்பன்களும் ஒளிய இடமில்லாமல், மருத்துவமனை வராண்டாவில் காத்திருக்கிறவர்கள் மாதிரி ஒரு மூலையில் நின்றன. சிப்பி ஒன்றுகூட இல்லை.

நான் கத்தியது காலனியின் வாசல் வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். கிராம்பிட்ஸ் தக்காளிச் செடிகளுக்கு நடுவிலிருந்து நிமிர்ந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு வேலி அருகே வந்து நின்றார். நான் மூச்சு வாங்குவதற்கு நிறுத்தும் வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

பிறகு நடந்ததைச் சொன்னார். நான் போன ஐந்தாம் நாள், தோட்டங்களைப் பார்வையிட காலனிக் குழு சனிக்கிழமை வருகிறது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். தேங்கிய நீர் ஒழுங்காக வைக்கப்பட வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை மீறினால் குளத்தை மூடச் சொல்லலாம். நான் ஊரில் இல்லாத நேரத்தில் என் குளம் போய்விடக் கூடாதே என்று அவருக்குப் பதைபதைப்பு. மீன்களை ஒவ்வொன்றாக எண்ணித் தொட்டிக்கு மாற்றி, தனி ஆளாக இரண்டு நாள் சேறு வாரியிருக்கிறார். பார்வையிட வந்தவர்கள் என் குளத்தைத்தான் காலனியிலேயே மிகச் சுத்தமான குளம் என்று எழுதிவிட்டுப் போனார்களாம். அந்தத் தாளை எனக்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

அதைப் பார்த்ததும் என் கோபத்துக்குப் போக இடம் தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

"சிப்பி எங்க, ஹெர் கிராம்பிட்ஸ்? கறுப்பா, கை அகலத்துக்கு, ஏழு இருந்துச்சே. எந்தக் குப்பைத் தொட்டியில போட்டீங்க?"

"அங்கதான் சிக்கல் வந்துச்சு, ஃப்ராவ் நவுமான்," என்றார். "கல்லுனுதான் எடுத்தேன். அதுல ஒண்ணு வாயை மூடுச்சு. உயிரு இருக்குன்னு தெரிஞ்சப்புறம் எந்தத் தொட்டியில போடுறது? பழுப்புத் தொட்டி காய்கறிக் கழிவுக்கு. மஞ்சள் தொட்டி பிளாஸ்டிக்குக்கு. கறுப்புத் தொட்டியில உயிருள்ளதைப் போடக் கூடாது. நான் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன்."

குப்பை அலுவலகத்திலிருந்து பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்திருக்கிறது. சமைத்து உண்ட சிப்பியின் ஓடு கறுப்புத் தொட்டிக்கு, உயிருள்ள சிப்பி தங்கள் பொறுப்பில் வராது, இயற்கைப் பாதுகாப்புப் பிரிவைக் கேட்கவும் என்று. அவர் அந்தப் பிரிவுக்கும் எழுதிப்போட்டு, பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார். வேறு எந்த நாட்டிலாவது ஒரு மனுஷன் சிப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குப்பைத் தொட்டிகள் முன்னால் இப்படித் திகைத்து நிற்பானா என்று தெரியவில்லை. வேறு யாராக இருந்தாலும் வேலிக்கு வெளியே வீசியிருப்பார்கள்.

"பதில் வர்ற வரைக்கும்?" என்று கேட்டேன்.

அவர் வேலியை ஒட்டியிருந்த தன் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார். கூரைக் குழாயின் கீழே அவருடைய மழைத்தண்ணீர் டிரம் நின்றது. தண்ணீர் பச்சைப் பசேல் என்று, கீரைச் சாறு மாதிரி இருந்தது. நீச்சல் குளத்துக்காரருக்கு மழைத்தண்ணீர் தண்ணீர்க் கணக்கில் சேராது போலிருக்கிறது, அதை மட்டும் அவர் சுத்தம் செய்வதில்லை. சட்டைக் கையை மடிக்காமலே தோள் வரை கையை விட்டுத் தடவினேன். ஒன்று தட்டுப்பட்டது. தொட்டதும் சட்டென்று மூடிக்கொண்டது. இரண்டு, மூன்று. ஏழும் மூடிக்கொண்டன. ஏழும் உயிரோடு இருந்தன.

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. சிப்பி தண்ணீரை உறிஞ்சி, அதில் உள்ள பச்சையைத் தின்று வாழ்கிற பிராணி. மூன்று வருடமாக நான் கசப்பன்களின் நலனுக்காக ஃபில்டரை நிறுத்தாமல் ஓட்டி, சிப்பிகளைப் பட்டினி போட்டிருக்கிறேன். முதல் இரண்டு வருடமும் ஜூன் பிறக்கும் முன்பே அவை வாயைப் பிளந்துவிட்டன, நான் வெயிலைக் குறை சொன்னேன். இந்தக் கீரைச் சாற்றில் அவை விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. கிராம்பிட்ஸை அரை மணி நேரம் திட்டியவள், அவரைவிடப் பெரிய சுத்தக்காரி நான்தான் என்று தெரிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது எளிதில் வராது.

சிப்பிகளைக் குளத்துக்குத் திருப்பிக்கொண்டு போகலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். இப்போது அசைத்தால் வயிற்றில் இருப்பதையெல்லாம் துப்பிவிடும். குளத்தில் கழுவிய கூழாங்கல்தான் இருக்கிறது, தின்ன ஒன்றுமில்லை. உள்ளே ஏதாவது மிச்சமிருந்தால் இங்கேயே வரட்டும்.

அன்றிலிருந்து கிராம்பிட்ஸ் அந்த டிரம்மில் பூவாளியை முக்கவில்லை. நாற்பது தக்காளிச் செடிக்கும் பொதுக் குழாயிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து ஊற்றினார். நான் தடுத்தும் கேட்கவில்லை. டிரம்முக்கு எதிரே மடக்கு நாற்காலி போட்டு, பழைய பழக்கத்தில் கழுத்தில் ஊதலும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றாம் வரிசைத் தோட்டத்து அம்மாள் கை கழுவ டிரம் பக்கம் ஒதுங்கியபோது ஒரு ஊது ஊதினார், அந்த அம்மாள் இன்றுவரை அந்தப் பக்கம் வருவதில்லை. எனக்கு நாற்காலி அவர் போடவில்லை. நான் என் தோட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டு வந்தேன். சாயங்காலங்களில் காப்பியும் ருபார்ப் கேக்கும் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரு பிளாஸ்டிக் டிரம்மைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியாள் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பணியில் இருக்கும்போது அவர் சிரிப்பதில்லை.

ஜூன் இரண்டாம் தேதி அவர்தான் முதலில் பார்த்தார். கத்தவில்லை, ஊதவில்லை. வேலி அருகே வந்து, மெதுவாக, "ஃப்ராவ் நவுமான், மேல யாரோ வந்திருக்காங்க," என்றார்.

பச்சைத் தண்ணீரின் மேல்மட்டத்தில் கண்ணும் முதுகெலும்பும் மட்டும் தெரிகிற துளித் துளியான உடம்புகள். முதலில் மூன்று. மறுநாள் பதினொன்று. அவர் நீச்சல் வகுப்புப் பிள்ளைகளை எண்ணுகிற மாதிரி காலையிலும் மாலையிலும் விரலை நீட்டி எண்ணுவார். ஒரு வாரத்தில் முப்பத்தொன்றில் வந்து நின்றது. நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். விடத்தான் கொஞ்ச நேரமாயிற்று.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. கூரைத் தண்ணீர் முழுக்கக் குழாய் வழியே டிரம்முக்குள் பாய்ந்தது. இன்னும் நான்கு விரல் ஏறினால் வழியும், மேலே நிற்கிற குஞ்சுகள் அத்தனையும் வெளியே போய்விடும். நான் கொட்டகைச் சுவரோரம் முட்டிபோட்டு, சிகிச்சை எடுத்த அதே முட்டியில்தான், குழாயைப் பிடுங்கித் திருப்பினேன். கிராம்பிட்ஸ் குடையோடு ஓடி வந்தார். அதை என் தலைக்கு மேல் பிடிக்கவில்லை, டிரம்முக்கு மேல் பிடித்தார். நான் தலையில் ஐஸ் வாங்கிக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை, எண்ணிக்கொண்டிருந்தார். முப்பத்தொன்றும் இருந்தன.

சனிக்கிழமை விழா. உருளைக்கிழங்கு சாலட்டும் சாசேஜும் பீரும் முடிந்து, சங்கத் தலைவி ஃப்ராவ் சைடல் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, உறுப்பினர்கள் பின்தொடர என் தோட்டத்துக்கு வந்தார். லூட்ஸ் உண்மையிலேயே கூடை எடுத்துக்கொண்டு வந்திருந்தான். என் கண்ணாடிக் குளத்தைக் குனிந்து பார்த்து, குஞ்சு எங்கே என்று கேட்டான். நான் எல்லாரையும் வேலிக்கு அந்தப்புறம் கூட்டிக்கொண்டு போய் டிரம்மைக் காட்டினேன். ஃப்ராவ் சைடல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பல வருடமாகச் சங்கத்தில் யாரும் கசப்பன் குஞ்சு பார்க்கவில்லை என்றார். அவர் குரல் கொஞ்சம் தடுமாறியது. யாரோ கைதட்டினார்கள்.

லூட்ஸ் கைதட்டவில்லை. அவனுக்கு விதி மனப்பாடம்.

"வளர்ப்பவரோட இடத்துல, வளர்ப்பவரோட தண்ணியில," என்றான். "இது யாரோட இடம்? இவரு சங்கத்துலயே இல்லை. உல்ரிக்கே குளத்துல ஒரு குஞ்சு காட்டட்டும், நான் கூடையைத் திருப்பிக் கொண்டுபோயிடுறேன்."

ஃப்ராவ் சைடலுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் எழுதியிருப்பது எழுதியிருப்பதுதான் என்று அவருக்கும் தெரியும். குஞ்சுகளை ஒரு கிண்ணத்தில் முகந்து இப்போதே குளத்தில் விட்டுவிடேன், நாங்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறோம் என்று மெதுவாகச் சொன்னார். நான் என் குளத்தைப் பார்த்தேன். ஒளிய ஒரு இலை இல்லை, தின்ன ஒரு துளி பச்சை இல்லை. பெரிய மீன்கள் பதினான்கு பசியோடு நிற்கின்றன. சாயங்காலத்துக்குள் முப்பத்தொன்றும் காலி.

"விட மாட்டேன்," என்றேன். "மீன் போனாப் போகட்டும். குஞ்சு இங்கேயே இருக்கட்டும். எடுத்துட்டுப் போ, லூட்ஸ்."

அவன் முன்னால் அழக் கூடாது என்று ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லூட்ஸ் கூடையிலிருந்து வலையை எடுக்கக் குனிந்தான்.

அப்போது கிராம்பிட்ஸ் கொட்டகைக்குள் போய் ஒரு சுத்தியலும் குறடும் எடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் இருக்கும் முழங்கால் உயரக் கம்பிவேலியில் நான்கு கட்டைகளைப் பிடுங்கினார். கம்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போய், டிரம்முக்கு அந்தப்புறமாக வளைத்துக் கொண்டுவந்து, தன் தக்காளி வரிசையில் இரண்டு செடிக்கு நடுவே கட்டைகளை மறுபடி அடித்தார். இரண்டு செடி என் பக்கம் வந்துவிட்டது. அந்த வேலியைச் சென்டிமீட்டர் கணக்கில் அளந்து போட்டவரே அவர்தான்.

வேலை முடிந்ததும் முதுகை நிமிர்த்தி, ஃப்ராவ் சைடலிடம் சொன்னார்:

"இப்ப இது அவங்க இடம். டிரம்மும் அவங்களுது, தண்ணியும் அவங்களுது. ரெண்டு பக்கமும் சம்மதிச்சா வேலியை மாத்தலாம், பதினாலு நாளுக்குள்ள காலனிக்கு எழுதிக் கொடுக்கணும். நான் இன்னிக்கே எழுதிடுறேன். நீங்க உங்க புத்தகத்துல எழுதிக்கோங்க. முப்பத்தொண்ணு."

ஃப்ராவ் சைடல் என்னைப் பார்த்து, சம்மதமா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் எழுதினார். லூட்ஸ் காலிக் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு பீர் மேசைப் பக்கம் போனான்.

என்னோடு பதினெட்டு வருடம் வாழ்ந்தவன் போகும்போது தேக்கரண்டி வரை எண்ணி ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டு போனான். என்னைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடாத இந்த மனுஷன் முக்கால் மீட்டர் மண்ணையும், டிரம்மையும், காய்த்த இரண்டு தக்காளிச் செடியையும் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்துவிட்டு, குறடைத் துடைத்துக்கொண்டு நின்றார். இந்த முறை நான் எல்லார் முன்னாலும் அழுதேன்.

அவர் சங்கடத்தோடு தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பிறகு தன்னுடைய மடக்கு நாற்காலியை எடுத்து வேலிக்கு மேலே நீட்டி, "இனிமே நான் உங்க இடத்துல உக்காரணும், ஃப்ராவ் நவுமான். அனுமதி உண்டா?" என்று கேட்டார்.

நான் நாற்காலியை வாங்கி, என்னுடையதற்குப் பக்கத்தில் போட்டேன்.